மூச்சு கண்டக்டரின் இரட்டை விசில்

ஓடுகிறவர்கள் எப்படி மூச்சு விட வேண்டும் என்று அந்த ஊரில் யாரையாவது கேட்டால், விளையாட்டு மைதானத்துப் பக்கம் கை காட்டமாட்டார்கள். பதினான்காம் நம்பர் பஸ்ஸின் பின் படிக்கட்டைக் காட்டுவார்கள். தோளில் தோல் பை, வாயில் விசில், வயது ஐம்பத்து மூன்று. தொந்தி முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். ஊர் முழுக்க அவருக்கு 'மூச்சு கண்டக்டர்' என்றுதான் பெயர்.

பட்டம் சும்மா வந்துவிடவில்லை. இருபத்தாறு வருஷமாக அந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடி வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் மனிதர். ஒற்றை விசில் என்றால் நில், இரட்டை விசில் என்றால் போ. கண்டக்டருக்கும் டிரைவருக்கும் நடுவே உள்ள மொத்தப் பேச்சும் அவ்வளவுதான். மற்ற கண்டக்டர்கள் தூரத்தில் ஒருவர் ஓடி வருவதைப் பார்த்தால் அவசர அவசரமாக இரட்டை விசில் ஊதுவார்கள். அதில் ஒரு குரூர சந்தோஷம் உண்டு, மறுக்க வேண்டாம். நம்மவர் ஊதமாட்டார். ஓடி வருகிறவர் படியில் கால் வைக்கிறவரை விசில் வாயிலேயே சும்மா இருக்கும்.

காத்திருக்கிற நேரத்தில் என்ன செய்வது? பார்த்தார். ஓடுகிறவர்களில் நாலு ரகம் என்று கண்டுபிடித்தார். வாயைப் பிளந்து காற்றை விழுங்குகிறவர்கள் ஒரு ரகம். மூச்சை அடக்கிக்கொண்டே ஓடி வந்து, ஏறியதும் முன்னால் நிற்பவர் பிடரியில் பொத்தென்று விடுகிறவர்கள் இன்னொரு ரகம். தோளை மட்டும் தூக்கித் தூக்கி இறக்குகிறவர்கள் மூன்றாவது. ஓடும்போதே டிரைவரைத் திட்டி, இருக்கிற மூச்சையும் வீணாக்குகிறவர்கள் நாலாவது, இவர்கள்தான் அதிகம்.

ஏறியவருக்கு டிக்கெட்டோடு பாடமும் கிடைக்கும்.

"நெஞ்சால மூச்சு விடாதீங்கம்மா. வயிறு, வயிறு! மூணு அடிக்கு மூக்கால இழுங்க, ரெண்டு அடிக்கு வாயால விடுங்க. எங்க இறங்கணும்?"

சிரிக்காதீர்கள், பலன் இருந்தது. டெப்போவுக்கு எதிர் ஸ்டாப்பில் ஏறுகிற நர்ஸம்மா ஒருவர் முதலில் ஏறியதும் ஊமையாகி விரலால் சாடை காட்டித்தான் டிக்கெட் வாங்குவார். ஒரு வருஷம் பாடம் கேட்டபின் இரண்டு கையிலும் பையோடு நூறு அடி ஓடி வந்து, மூச்சு வாங்காமல், "நேத்து அஞ்சு ரூபா பாக்கி வெச்சீங்களே" என்று கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டார்.

இத்தனை சொல்லிக்கொடுத்தவர் தான் கடைசியாக ஓடியது எப்போது? அவருக்கு நினைவில்லை. அவர் மனைவிக்கு இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஒரு நாய் துரத்தியபோது ஓடினார். மனைவிக்கு எப்படித் தெரியும் என்றால், அது அவர்கள் வீட்டு நாய்.

இப்படிச் சொகுசாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு சுற்றறிக்கை வந்து விழுந்தது. ஐம்பது வயது தாண்டிய டிரைவர், கண்டக்டர் எல்லாரும் டெப்போ வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை ஓடித் திரும்ப வேண்டும். இரண்டு கிலோமீட்டர், பதினாறு நிமிடம். டைம்கீப்பர் விசில் ஊதியதும் நேரம் முடிந்ததாகக் கருதப்படும். அதன்பின் வாசலைக் கடக்கிறவர் தேறாதவர். தேறாதவருக்குப் பஸ் கிடையாது. டிரைவர் என்றால் ஒர்க்‌ஷாப்பில் ஏதாவது வேலை, கண்டக்டர் என்றால் தவறவிட்ட பொருட்கள் அறை.

அந்த அறையை அவர் பார்த்திருக்கிறார். ஜன்னல் இல்லாத அறை. முந்நூறு குடை, ஒற்றைச் செருப்புகள் ஒரு மூட்டை, யாரோ விட்டுவிட்டுப் போன ஒரு செட் பல். இனிமேல் அந்தப் பல்லைப் பார்த்துக்கொண்டு ஏழு வருஷம் உட்கார வேண்டும் என்று நினைத்தபோது அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அங்கே யாரும் ஓடி வரமாட்டார்கள். யாருக்கும் யாரும் காத்திருக்க வேண்டாம்.

இந்த இடத்தில் டைம்கீப்பரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டெப்போ வாசலில் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுகிற வேலை அவருக்கு. ஒரு நிமிடம் தாமதம் என்றாலும் சிவப்பு மையால் எழுதிவிடுவார். மாசக் கடைசியில் அதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்தத் தம்பியே பஸ் ஓட்டினாலும் விடமாட்டார், கறார்னா கறார்.

அந்தக் கறார் மனிதர் தினமும் காலையில் வேலைக்கு வருவது பதினான்காம் நம்பர் பஸ்ஸில். தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்புக்குத் தினமும் ஒரு நிமிடம் லேட்டாக வருவார். சாப்பாட்டுப் பை ஒரு கையில், குடை ஒரு கையில், வாயைப் பிளந்துகொண்டு ஓடி வருவார்; முதல் ரகம். கண்டக்டர் காத்திருப்பார். பஸ் டெப்போவுக்கு ஒரு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேரும். டைம்கீப்பர் இறங்குவார், கூண்டுக்குள் போவார், சிவப்புப் பேனாவைத் திறப்பார், 'பதினான்கு: ஒரு நிமிடம் தாமதம்' என்று எழுதுவார்.

பதினோரு வருஷமாக இது நடக்கிறது. கண்டக்டரும் மாசாமாசம் 'போக்குவரத்து நெரிசல்' என்று விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் இருந்தார். ஒரு தடவைகூட "உங்களாலதான் சார்" என்று சொன்னதில்லை. டைம்கீப்பரும் ஒரு தடவைகூட நன்றி சொன்னதில்லை. ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கும், பேச்சு வராது. இறங்கும்போது அவர் அதிகாரியாகிவிடுவார்.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். கண்டக்டருடைய டிரைவருக்கும் ஐம்பத்தைந்து வயது. பத்தொன்பது வருஷமாக இருவரும் ஒரே பஸ். இருவரில் ஒருவர் தேறாவிட்டாலும் ஜோடி பிரிந்துவிடும். அதனால் பரீட்சைக்கு ஒரு மாசம் முன்பிருந்தே காலையில் சேர்ந்து ஓடிப் பழகுவது என்று முடிவாயிற்று.

முதல் நாள் இருவரும் டெப்போ வாசலில் நின்றார்கள். கண்டக்டர் ஓட ஆரம்பித்தார். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தால் டிரைவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார்.

"என்னண்ணே, வாங்க!"

"விசில் குடு தம்பி."

"ஓடறதுக்கு எதுக்குண்ணே விசில்?"

"என்னைக் கேட்டா? காலைக் கேளு. பத்தொம்பது வருஷமா ரெட்டை விசில் கேக்காம நான் வண்டிய எடுத்ததே இல்ல. நகரமாட்டேங்குது."

விசில் கொடுத்தார். டிரைவர் கிளம்பினார். கிளம்பியவர் முதல் பஸ் ஸ்டாப் வந்ததும் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டார். வெட்கத்தை விட்டுச் சொன்னால், கண்டக்டரும்தான் நின்றார். அதோடு நிற்காமல், "இறங்கறவங்க இறங்குங்க" என்று வேறு சொல்லிவிட்டார். ஸ்டாப்பில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சீட் இருக்கா?" என்று கேட்டார்.

ஆனால் கஷ்டம் அதுவல்ல. மூச்சு. இருபத்தாறு வருஷமாக ஊருக்கு உபதேசம் செய்த மூச்சு, சொந்த உடம்பில் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. இருநூறு அடிக்குள் நாக்குத் தள்ளியது. மூக்கால் இழுத்தார், மூக்கு போதவில்லை. வயிற்றை நிரப்பப் பார்த்தார்; வயிறு ஏற்கெனவே நிரம்பித்தான் இருந்தது. விலாவில் யாரோ முறுக்கிப் பிடித்ததுபோல் வலித்தது. மூணு அடி, இரண்டு அடி என்று எண்ணப் போனால் கால் ஒரு கணக்கும் வாய் ஒரு கணக்கும் சொன்னது. கடைசியில் நாலு ரகத்திலும் சேராமல், அத்தனை ரகத்தையும் ஒருவரே கலந்து செய்துகொண்டு ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். அந்த வழியாகப் போன கல்லூரிப் பெண் ஒருத்தி சைக்கிளை நிறுத்தி, "வயிறுண்ணா, வயிறு!" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். மானமே போய்விட்டது.

மூன்றாம் நாள்தான் வழி பிறந்தது. டிரைவரைக் கிளப்புவதற்காக விசில் வாயிலேயே இருந்தது அல்லவா? வெளியே விடுகிற மூச்சு அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். மூணு அடிக்கு மூக்கால் இழுத்தார். அடுத்த இரண்டு அடிக்கு, அடிக்கு ஒன்றாக, இரண்டு சின்ன ஊதல். பீப், பீப். அட, இரட்டை விசில்! எண்ணவே வேண்டாம், காதே கணக்குச் சொல்லிவிட்டது. இருபத்தாறு வருஷம் ஊதிய வாய்க்கு அதைவிட இயல்பான மூச்சு வேறென்ன இருக்கிறது? இழுப்பும் ஊதலுமாக மாறி மாறி வந்ததில் விலாப் பிடிப்புகூட விட்டது. முன்னால் டிரைவர், கையில் இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் கியரில் போகிற வண்டிபோல ஒரே சீராக ஓடினார்.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. களைத்துப்போனால் இரண்டு சின்ன ஊதலும் ஒட்டிக்கொண்டு ஒரே நீள ஊதலாகிவிடும். அது ஒற்றை விசில். கேட்ட மறு நொடி டிரைவர் ஆணி அடித்தாற்போல் நின்றுவிடுவார். பின்னால் வந்த கண்டக்டர் அவர் முதுகில் போய் முட்டுவார். ஒரு மாசத்தில் மூக்கு இரண்டு தடவை வீங்கியது.

வீட்டிலும் பயிற்சி செய்தார். அறைக்குள் நடந்துகொண்டே மூணு இழுப்பு, இரண்டு ஊதல். ஒரு வாரமாகச் சோறு விதை விதையாக, வேகாமல் தட்டில் விழுந்தது. மனைவி அரிசிக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டு, வேறு அரிசி வாங்கி வந்தார். அதுவும் வேகவில்லை. எட்டாம் நாள்தான் அந்த அம்மாள் கரண்டியோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏங்க, குக்கர்ல மூணு விசில் வந்தா அடுப்ப அணைக்கிறது என் வழக்கம். இதுல எத்தனை விசில் குக்கரோடது, எத்தனை உங்களோடது?"

"நான் ரெட்டையாதாம்மா ஊதினேன்."

"கடைக்காரரை நான் ஒரு மூச்சு திட்டிட்டு வந்திருக்கேன். இப்ப யார் போய் மன்னிப்புக் கேக்கறது?"

அவர்தான் போய்க் கேட்டார். கடைக்காரர் மூச்சிரைக்க மூட்டை அடுக்கிக்கொண்டிருந்ததால், மன்னிப்போடு ஒரு பாடமும் சொல்லிவிட்டு வந்தார்.

பரீட்சை நாள் வந்தது. ஐந்து டிரைவர்கள், மூன்று கண்டக்டர்கள். வாசலில் நாற்காலி போட்டு டைம்கீப்பர் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், கழுத்தில் புது விசில், மடியில் சிவப்புப் பேனா. யார் முகத்தையும் பார்க்கவில்லை. சுற்றறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டினார். பிறகு கையை உயர்த்தி, "ஓடுங்க" என்றார்.

மற்ற இரு கண்டக்டர்களும் பாய்ந்தார்கள். ஐந்து டிரைவர்களும் அசையவில்லை. நம்மவர் பழக்கப்படி, ஏற வேண்டியவர் யாராவது பின்னால் ஓடி வருகிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பீப், பீப் என்றார். ஐந்து பேரும் ஒன்றாகக் கிளம்பினார்கள். அவர் கடைசியில் ஓடினார். கண்டக்டருக்கு இடம் பின்னால்தானே.

போகிறபோது நன்றாகத்தான் போயிற்று. மூணு இழுப்பு, இரண்டு ஊதல். ஸ்டாப்புகளைக் கண்டு கால் தயங்கினாலும் விசில் தள்ளிக்கொண்டு போனது. தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுத் திரும்பினார்கள். முக்கால்வாசி தூரம் தாண்டும்போது நெஞ்சு எரிய ஆரம்பித்தது. டெப்போ வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. எதிர் ஸ்டாப்பில் கூட்டம் நின்றது. இன்னும் நூற்றைம்பது அடி இருக்கும். அந்த நேரத்தில் அவருடைய இரண்டு ஊதலும் ஒட்டிக்கொண்டன.

பீஈஈஈப்.

ஐந்து டிரைவர்களும் நட்ட நடு ரோட்டில் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒருவர் ஓரம் பார்த்து ஒதுங்கிக்கூட நின்றார். மற்ற இரு கண்டக்டர்கள் மட்டும் நிற்காமல் வாசலுக்குள் போய்விட்டார்கள். அடுத்தவன் விசிலைக் கண்டக்டர் எவனும் மதிப்பதில்லை.

"தம்பி, ரெட்டை குடு!" என்று டிரைவர் கத்தினார். திரும்பிப் பார்க்கவில்லை, கை ஸ்டீயரிங்கிலேயே இருந்தது.

கண்டக்டருக்கும் கொடுக்க வேண்டும் என்றுதான் இருந்தது. குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஊதினார். காற்றுகூட வரவில்லை. தான் மட்டும் இவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடியிருந்தால் வாசலைத் தாண்டியிருக்கலாம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. இரட்டை விசில் கொடுக்காமல் பஸ்ஸை நடுரோட்டில் விட்டுவிட்டு எந்தக் கண்டக்டர் போவார்? இவர்கள் ஐந்து பேர் பிழைப்பும் என் வாயில் மாட்டிக்கொண்டதே என்றுதான் பதறினார். பதறப் பதற மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றது.

"நெஞ்சால விடறீங்க!" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். நர்ஸம்மா. இரண்டு பையையும் கீழே போட்டுவிட்டு, கையை வாயில் குவித்துக்கொண்டு கத்தினார். "வயிறு, வயிறு! மூக்கால இழுங்க!"

ஸ்டாப் முழுக்கப் பதினான்காம் நம்பர் ஆட்கள். எல்லாரும் அந்தப் பாடத்தைக் கேட்டவர்கள். "வயிறு! வயிறு!" என்று மொத்தக் கூட்டமும் கத்தியது. வேறு ஊர்க்காரர் யாராவது பார்த்திருந்தால் சாப்பாட்டுக்குப் போராட்டம் என்று நினைத்திருப்பார்.

அவர் நிமிர்ந்தார். வாயை மூடினார். மூக்கால் மெல்ல இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. தொந்தி முன்னால் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் அத்தனை பெரிய மூச்சை அவர் எடுத்ததில்லை. விட்டார்.

பீப்! பீப்!

ஐந்து டிரைவர்களும் பறந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வாசலுக்குள் போனதை அவர் பார்த்தார். தன் டிரைவர் கடைசியாக உள்ளே போய், இல்லாத வண்டியை நிறுத்தி, இல்லாத ஹேண்ட்பிரேக்கை இழுத்ததையும் பார்த்தார். அதற்குப் பிறகு தன்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்தது. ஓடினார் என்று சொன்னால் ஓட்டம் கோபித்துக்கொள்ளும். கால்களைத் தூக்கித் தூக்கி வைத்தார், அவ்வளவுதான்.

டைம்கீப்பர் ஸ்டாப்வாட்சைப் பார்த்ததும், எழுந்து நின்றதும், விசிலை வாயில் வைத்ததும் தெரிந்தது. முடிந்தது, முந்நூறு குடை, ஒரு செட் பல் என்று நினைத்தார். ஆனால் விசில் கேட்கவில்லை. டைம்கீப்பர் கன்னம் உப்பியிருந்தது, கண் பிதுங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. புது விசில், கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இன்னும் பத்தடி, இன்னும் இருபதடி என்று வந்தார். டெப்போவே மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

வாசலைத் தாண்டி, டைம்கீப்பரின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஸ்டாப்வாட்சை எட்டிப் பார்த்தார். பதினேழு நிமிடம்.

"எழுதிடுங்க சார்" என்றார், மூச்சுக்கு ஒரு சொல்லாக. "ஒரு நிமிஷம்... லேட்டு."

டைம்கீப்பர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"எதை எழுதறது? சுற்றறிக்கையில என்ன இருக்கு? நான் விசில் ஊதினாதான் நேரம் முடிஞ்சது. நான் எங்க ஊதினேன்?"

"ஏன் சார் ஊதல?"

"ஊத வரல." டைம்கீப்பர் வேறு பக்கம் பார்த்தார். "எனக்கு மூச்சு வாங்குது."

பதினேழு நிமிடமும் நாற்காலியை விட்டு நகராத மனிதர் அதைச் சொன்னார். கண்டக்டருக்குப் புரிந்தது. பதினோரு வருஷமாக அவரும் சொல்லாமல் வைத்திருந்ததை இப்போதா சொல்லப் போகிறார்? தனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைத்தான் சொன்னார்.

"நெஞ்சால விடறீங்க சார். வயிறு, வயிறு. மூக்கால இழுங்க... ம், மெதுவா... இப்ப விடுங்க."

டைம்கீப்பர் பள்ளிப் பிள்ளைபோலக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார், விட்டார். விசில் கணீரென்று கேட்டது. வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். எட்டுப் பேர் ஓடினார்கள், எட்டுப் பேரும் தேறினார்கள் என்று பதிவேட்டில் ஏறியது.

மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டி ஸ்டாப்பில் எல்லாரும் ஏறி முடிந்தபின்னும் பதினான்காம் நம்பர் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். தெரு முனையில் சாப்பாட்டுப் பையும் குடையுமாக டைம்கீப்பர் ஓடி வந்தார். வாயை இறுக்க மூடியிருந்தார். மூணு அடிக்கு மூக்கால் இழுத்து, இரண்டு அடிக்கு வாயால் விட்டு, வயிறு முன்னும் பின்னும் போக ஓடி வந்தார். ஏறினார். மூச்சு வாங்கவே இல்லை. கண்டக்டரைப் பார்த்து முதல் தடவையாக வாயைத் திறந்து, "காலை வணக்கம்" என்றார்.

பீப், பீப்.

டெப்போ வந்ததும் இறங்கினார், கூண்டுக்குள் போனார், சிவப்புப் பேனாவைத் திறந்தார், 'பதினான்கு: ஒரு நிமிடம் தாமதம்' என்று எழுதினார்.